கொரோனா காலத்துக் கருத்துக்கணிப்பு: சொன்னது ஒன்று, வாங்கியது ஒன்று

கொரோனா காலத்தில் மக்களிடம் ஆய்வு நடத்தியவர்களும் வியாபாரம் செய்தவர்களும், கேள்வி கேட்பதிலும் கணக்குப் பார்ப்பதிலும் எங்கே தவறு நடந்தது என்று பேசுகிறார்கள்.

கள மேற்பார்வை, சென்னை:
2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியதும் வீடு வீடாகப் போகும் ஆய்வு நின்று, எல்லாம் போனுக்கு மாறியது. அப்போது அதிகம் சொதப்பியது கேள்வி வரிசைதான். "வீட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கா?" என்று தொடங்கினால் மாநகராட்சி ஆள் என்று நினைத்துவிடுவார்கள். தொற்று வந்த வீடு என்று வாசலைத் தகரம் அடித்து மூடிவிடுவார்களோ என்ற பயத்தில் போனை வைத்துவிடுவார்கள். அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும்.

"மாஸ்க் போடுறீங்களா?" என்ற கேள்வி வீண். அபராதம் போட்ட காலம். இல்லை என்று யார் சொல்வார்? "நேத்து எத்தனை தடவை வெளியே போனீங்க? அதுல எத்தனை தடவை மாஸ்க் போட்டிருந்தீங்க?" என்று பிரித்துக் கேட்டால் உண்மைக்குப் பக்கத்தில் பதில் வரும்.

தொலைபேசி ஆய்வு, மதுரை:
சரிதான் சார். நேரக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது அழைக்கும்போதெல்லாம் மணி அடிப்பதற்குப் பதில் கொரோனா அறிவிப்பு ஓடியது. ஒரு அழைப்புக்கு அரை நிமிடம் என்றாலும் 200 அழைப்புக்கு 100 நிமிடம் போய்விட்டது. அதனால் நேர்காணலை 15 நிமிடத்துக்குள் முடிக்கும்படி கேள்விகளைக் குறைக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய ஓட்டை, போனை எடுப்பவர் பெரும்பாலும் ஆண். 100 பேரில் 70 ஆண், 30 பெண் என்று வந்தால் ஒரு பெண்ணின் பதிலை 1.67 ஆகவும் ஒரு ஆணின் பதிலை 0.71 ஆகவும் எண்ணி (இதுதான் எடை கொடுப்பது), இரு பக்கமும் 50 ஆகும்படி சமன் செய்வார்கள். கணக்கு சரியாகிவிடும், ஆனால் சொந்தப் போன் இல்லாத பெண்ணின் குரல் அதில் வராது. அதனால் குலுக்கல் போல ஒருவரைத் தேர்ந்தெடுக்க, வீட்டுப் பெரியவர்களில் அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறது என்று கேட்டு, அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்நேரம் அவர் இல்லையென்றால் எப்போது கூப்பிடலாம் என்று குறித்துக்கொண்டு திரும்ப அழையுங்கள். எடுத்தவரிடமே பேசி முடித்துவிடும் அவசரத்தில்தான் இந்த முறை கெட்டுப்போகிறது. பெண்ணிடம் பேசும்போது பக்கத்தில் கணவரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செலவு பற்றிய கேள்விகளை 'ஆமா, இல்ல' என்று பதில் சொல்கிற மாதிரி அமையுங்கள்.

மளிகை விநியோகம், கோவை:
விற்பனைக் கணக்கைப் படிப்பதிலும் தவறு நடக்கும். சென்னை, கோவை, மதுரைக்கு 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25-ஆம் தேதி கடைகளில் கூட்டம் அலைமோதியது. அந்த ஒரு நாள் விற்பனையை வைத்துத் தேவை கூடிவிட்டது என்பதும், அடுத்த வாரம் சரிந்ததைப் பார்த்துக் கையில் காசில்லை என்பதும் தப்பு. நாளுக்கு ஒரு கிலோ அரிசி ஆகும் வீட்டில் 25 கிலோ மூட்டை வாங்கினால் 25 நாளைக்கு அரிசிப் பக்கம் திரும்ப மாட்டார்கள். நான்கு வாரத்தைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

"விலை அதிகமா?" என்று பொதுவாகக் கேட்பதிலும் பலன் இல்லை. 2020 மார்ச் 21-இல் மத்திய அரசு 200 மி.லி. சானிடைசருக்கு 100 ரூபாய், மூன்றடுக்கு மாஸ்க்குக்கு 10 ரூபாய் என உச்ச விலை வைத்தது. கொடுத்த தொகையையும் பாட்டில் அளவையும் கேட்டு வாங்கி, அப்போதிருந்த அந்த உச்ச விலையோடு ஒப்பிட்டிருக்க வேண்டும்.

கோழித் தீவன வியாபாரம், நாமக்கல்:
கோழி சாப்பிட்டால் கொரோனா வரும் என்று பரவிய வதந்தியை விட்டுவிட்டீர்களே அண்ணா! 2020 பிப்ரவரி, மார்ச்சில் கறிக்கோழியும் முட்டையும் விலை சரிந்து பண்ணைக்காரர்கள் நொந்துபோனார்கள். "கோழி சாப்பிட்டா கொரோனா வருமா?" என்றால் "சேச்சே, வராது" என்பவர் வீட்டிலும் ஆட்டுக்கறி கொதிக்கும். "போன ஞாயிறு என்ன கறி எடுத்தீங்க? அதுக்கு முந்தின ஞாயிறு?" என்று முதலில் கேட்டுவிட்டு, வதந்தியைப் பற்றிப் பிறகு கேளுங்கள். வரிசை மாறினால், சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் கோழி என்றே சொல்லிவிடுவார்கள்.