புதுப்பிப்பு: கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எந்தத் தாள்?

கறுப்பு வெள்ளைப் படங்களை இங்க்ஜெட்டில் அச்சிட மேட் (பளபளப்பில்லாத தாள்), கிளாஸி (நன்றாகப் பளபளக்கும் தாள்), பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள, மிதமாகப் பளபளக்கும் தாள்) மூன்றில் எது நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒரே படத்தை மூன்றிலும் அச்சிட்டு, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்தேன். பரைட்டா என்று முடிவாகிவிட்டது.

காரணம் கறுப்புதான். மேட் தாளில் கறுப்பின் அடர்த்தி (கறுப்பு எவ்வளவு ஆழம் என்பதன் அளவு) பெரும்பாலும் 1.6, 1.7 அளவில் நின்றுவிடும். நல்ல பரைட்டாவில் 2.2-ஐத் தாண்டும். எண்ணாகப் பார்த்தால் சின்ன வித்தியாசம், ஆனால் இது மடக்கை (logarithm) அளவு, எண் கொஞ்சம் கூடினாலும் கறுப்பு மடங்குக் கணக்கில் ஆழமாகும். நான் எடுத்துக்கொண்டது நிழலில் இருக்கும் பாறைப் படம். மேட்டில் பாறையும் நிழலும் ஒன்றாகிப் போயின. பரைட்டாவில் ஒவ்வொரு விரிசலும் தனியாகத் தெரிகிறது, பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருக்கிறது! கிளாஸியிலும் கறுப்பு ஆழம்தான், ஆனால் எதிரே விளக்கு இருந்தால் படத்தைவிட விளக்குதான் தெரிகிறது.

மேட்டை முழுதாக ஒதுக்கவில்லை. மூடுபனி, வெளிர் சாம்பல் நிறைந்த முகங்கள், இவற்றுக்கு அதன் மென்மை அழகு.

கண்ணாடிச் சட்டம் பற்றிக் கேட்டவருக்கு: சாதாரணக் கண்ணாடிக்குப் பின்னால் போனால் இந்த வேறுபாடு நன்றாகவே குறைகிறது. சட்டமிடுவது உறுதி என்றால் மேட்டே போதும். தாளை மாற்றும்போது அச்சு அமைப்பிலும் தாள் வகையை மாற்றுங்கள். பல பிரிண்டர்களில் மேட்டுக்கும் பளபளப்புத் தாளுக்கும் கறுப்பு மையே வேறு.