பல்கேரிய நாட்டுப்புற உடைக் காட்சிகளும் வேலூரில் நாங்கள் அமைக்கவுள்ள கண்காட்சியும்

கேள்வி: காட்பாடி வரலாற்று ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து மக்களின் உடை, அணிகலன், சடங்குப் பொருட்கள் ஆகியவற்றைத் திரட்டி, மாணவர்களோடு சேர்ந்து ஒரு சிறிய கண்காட்சி அமைக்க எண்ணியுள்ளோம். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள், இருளர், நரிக்குறவர், வாணியம்பாடி ஆம்பூர் பகுதி முஸ்லிம் குடும்பங்கள், கூத்துக் கலைஞர்கள் ஆகியோரிடமிருந்து பொருட்களை இரவலாகப் பெறலாம் என்பது திட்டம்.

இதற்கு முன்மாதிரிகளைத் தேடியபோது பல்கேரியாவின் மக்கள் வாழ்வியல் அருங்காட்சியகங்கள் என் கவனத்தை ஈர்த்தன. 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 65 இலட்சம் மக்களே வாழும் அந்நாட்டில், ஒவ்வொரு வட்டாரத்தின் உடையையும் தனித்தனியே சேகரித்து, வகைப்படுத்தி, காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அவர்கள் எந்த அடிப்படையில் வகைப்படுத்துகிறார்கள்? துருக்கியர், ரோமா (ஜிப்சி என்று அழைக்கப்பட்டவர்கள்), போமாக் (பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்கள்) போன்ற சிறுபான்மைச் சமூகங்களுக்கு அந்தக் கூடங்களில் என்ன இடம் கிடைக்கிறது? நேரில் பார்த்தவர்களும் துணி, உடை பற்றி அறிந்தவர்களும் விளக்கினால் பேருதவியாக இருக்கும். எங்கள் கண்காட்சி வெறும் பொம்மைக்கொலுவாக முடிந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பதில் 1: ராணிப்பேட்டையிலிருந்து, முன்பு ப்ளோவ்திவில் வசித்தவர்

வணக்கம் அம்மா. கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் வாழ்ந்தேன். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு ஊரிலிருந்து வரும் விருந்தினர் அனைவரையும் அழைத்துச் செல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அது 1847-இல் அர்கிர் குயும்ஜியோக்லு என்னும் வணிகருக்காகக் கட்டப்பட்ட வீடு. அலைபோல் வளைந்த முகப்பும், மரத்தில் செதுக்கிய விதானங்களும் கொண்ட அந்த வீட்டைப் பார்க்கவே ஒரு பகல் போதாது. கம்பளித் துணி வணிகமே அந்நகரின் செல்வத்துக்கு அடித்தளம் என்பதால், உடைகளைக் காட்ட அதைவிடப் பொருத்தமான கட்டடம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கல்கத்தாவில் குடியேறிய கிரேக்க வணிகர்களில் பலர் இந்நகரைச் சேர்ந்தவர்கள். அந்தச் செய்தியை அறிந்த பிறகு அங்கிருந்த கம்பளி மேலங்கிகளை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

வகைப்படுத்தலைக் கேட்டிருந்தீர்கள். பெண்களின் உடையை அவர்கள் நிறத்தை வைத்தோ பூவேலையை வைத்தோ பிரிப்பதில்லை, வெட்டும் முறையையும் அணியும் முறையையும் வைத்தே பிரிக்கிறார்கள். எல்லா வகைக்கும் அடியில் நீண்ட வெள்ளைச் சட்டை ஒன்று உண்டு. அதன் மேல் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு முன்றானைத் துண்டுகளை (ஏப்ரன் போல இடுப்பில் கட்டும் துணிகளை) கட்டினால் அது டான்யூப் சமவெளியின், அதாவது வடபகுதியின், உடை. கழுத்து ஆழமாக வெட்டப்பட்டு, தலைவழியே அணியும் கம்பளி அங்கி சுக்மான் எனப்படும். நாட்டின் நடுப்பகுதியிலும் மலைப்பகுதிகளிலும் அதுவே பெருவழக்கு. முன்புறம் முழுதும் திறந்த, நீள்சட்டை போன்ற சாயா தெற்கிலும் தென்மேற்கிலும் காணப்படுவது. ஒரே ஒரு முன்றானைத் துண்டோடு நிற்கும் வகை ரோடோபி மலை போன்ற சில இடங்களில் மட்டும் உண்டு. இடுப்புப் பட்டையின் இரு முனைகளை இணைக்கும் பஃப்தி என்னும் உலோகக் கொக்கியைக் கண்டவுடன் நம்மூர் ஒட்டியாணம் நினைவுக்கு வந்தது.

ஆண்களின் உடையில்தான் காலமாற்றம் நன்றாகத் தெரிகிறது. பழைய உடை வெள்ளைக் கம்பளியால் ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நகர வணிகமும் கைவினையும் வளர வளர, கருங்கம்பளித் துணியும் அதன் விளிம்பில் தைக்கும் கைதான் என்னும் கறுப்பு நாடாவும் பரவி, வெள்ளையைப் பின்தள்ளின. அந்த நாடாவை எப்படிச் செய்தார்கள் என்பதைக் காப்ரோவோவுக்கு அருகில் 1964-இல் திறக்கப்பட்ட எதர் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் காணலாம். ஓடும் ஆற்றுநீரின் விசையால் சக்கரம் சுழல, நூல்கண்டுகள் ஒன்றையொன்று சுற்றி நாடாவாகப் பின்னப்படுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். கம்பளி விரிப்புகளைச் சுழல்நீரில் அலசும் மரத்தொட்டியும் அங்கே இயங்குகிறது. உங்கள் மாணவர்கள் உடையை மட்டும் வைக்காமல், அது உருவாகும் முறையையும் காட்டினால் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து.

பதில் 2: திருப்பத்தூர், சமூகவியல் ஆய்வு மாணவர்

முந்தைய பதிலில் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே. ஆனால் ஆசிரியை கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. அதுவே கடினமான கேள்வி என்று நினைக்கிறேன்.

இப்படி வட்டார வாரியாக உடைகளைத் திரட்டிய பணி, ஒட்டோமான் ஆட்சிக்குப் பின் எழுந்த புதிய நாடு தன் அடையாளத்தைத் தேடிய காலத்தில் வேரூன்றியது. ஆகவே அத்தகைய தொகுப்பில் உழவரின் உடை நாட்டின் முகமாகிறது, சிறுபான்மையினரின் உடை ஓரத்துக்குப் போய்விடுகிறது. பல்கேரியாவில் இது வெறும் காட்சிமுறைக் குறைபாடாக நிற்கவில்லை. 1984-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் துருக்கியர்களின் பெயர்களை அரசு வலுக்கட்டாயமாக மாற்றியது. பல்கேரிய மொழி பேசும் முஸ்லிம்களான போமாக் மக்களுக்கு இதே கொடுமை 1970-களிலேயே நிகழ்ந்திருந்தது. பெயரோடு உடையும் குறிவைக்கப்பட்டது: ஷல்வார் என்னும் அகன்ற கால்சட்டையைப் பெண்கள் பொது இடத்தில் அணிவது தடைசெய்யப்பட்டது. 1989-இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் துருக்கிக்குப் புறப்பட்டுச் சென்றனர். 2012-இல்தான் பல்கேரிய நாடாளுமன்றம் அந்தக் கட்டாய ஒருங்கிணைப்பைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஒரு பூப்போட்ட ஷல்வாரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து 'துருக்கியப் பெண்ணின் உடை' என்று மட்டும் எழுதினால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அதே துணி, அதே தையல். ஆனால் 1980-இல் அது அன்றாட உடை, 1985-இல் அதை உடுத்துவதற்குத் துணிவு வேண்டும். ஆகவே உங்கள் விளக்க அட்டை ஒவ்வொன்றிலும் எந்த ஆண்டு, யார் உடுத்தியது, எப்போது உடுத்துவதை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பவை இடம்பெற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கரகச்சான் மக்களின் உடையும் இத்தகைய விளக்கத்தை வேண்டுவதே. கிரேக்க மொழி பேசி, கோடையில் மலையிலும் குளிர்காலத்தில் சமவெளியிலும் ஆடு மேய்த்து வாழ்ந்த இவர்களின் மந்தைகளை 1950-களின் இறுதியில் அரசு எடுத்துக்கொண்டதும் அலைந்து திரியும் வாழ்க்கை முடிந்துபோனது. கருங்கம்பளியில் கோணக்கோடுகளாக வேலைப்பாடு செய்த அவர்களின் பெண்களுடைய உடை, இன்று ஸ்லிவென் நகருக்கு மேலுள்ள கரந்திலா மலையில் ஆண்டுதோறும் அவர்கள் கூடும்போது வெளியே வருகிறது.

ரோமா மக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈயம் பூசுபவர், கரடியாட்டி என்று தொழிலை வைத்தே அவர்களைக் காட்டும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்நாட்டின் கடைசி ஆட்டக் கரடிகள் 2007-இல் பெலித்சா சரணாலயத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. நம் நரிக்குறவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை மூடியபின் மணிமாலைக் கோப்பும் ஊசி பாசி விற்பனையுமே அவர்களில் பலருக்குப் பிழைப்பாயின. அவர்கள் பேசும் வாக்ரிபோலியும் ரோமா மக்களின் மொழியும் இந்தோ ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மணிமாலையையும் துப்பாக்கியையும் ஒன்றாக வைத்து 'நரிக்குறவர் வாழ்க்கை' என்று எழுதிவிடாதீர்கள். இடையில் ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு தலைமுறையின் பசி இருக்கிறது. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டது 2023-இல்தான் என்பதும் அட்டையில் இருக்கட்டும்.

யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். சோஃபியாவின் யூதத் தொழுகைக்கூடத்தில் யூத வரலாற்று அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பல்கேரியாவின் யூதர்கள் ஏறத்தாழ 48,000 பேர் 1943-இல் நாடுகடத்தலிலிருந்து தப்பியதை உலகம் போற்றுகிறது. அதே ஆண்டில் பல்கேரிய நிர்வாகத்தின் கீழிருந்த திரேஸ், மாசிடோனியா பகுதிகளிலிருந்து 11,000-க்கும் மேற்பட்டோர் சாவு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். முதல் பாதியை மட்டும் சொல்வது எளிது. இரண்டையும் சொல்லும் உரிமை முதலில் அந்தச் சமூகத்துக்கே உரியது.

பதில் 3: குடியாத்தம், நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர்

வணக்கம். பல்கேரியாவுக்கு நான் சென்றதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கைலி நெய்கிறோம். துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பல்கேரியாவின் சிப்ரோவ்த்சி விரிப்புகள் நிமிர்ந்து நிற்கும் தறியில் நெய்யப்படுபவை, இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பவை. அத்தகைய துணியைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் நெசவாளரின் திறமையில் பாதி மறைந்துபோகும். உங்களுக்குக் கிடைக்கும் சேலைகளுக்கும் இது பொருந்தும்: முந்தானையின் பின்பக்கம், அங்கே நூல் எப்படித் திரும்புகிறது என்பது, கட்டாயம் கண்ணில் பட வேண்டும்.

அடுத்து வெளிச்சம். பழந்துணிக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி படக் கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் விதி. வேலூர் வெயிலில் சன்னலோரம் ஒரு வாரம் கிடந்தால் சாயம் போனது போனதுதான், எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது. இரவல் தருபவர் தன் பாட்டியின் கூறைப்புடவையை நம்பித் தருகிறார் என்பதை மாணவர்கள் உணர வேண்டும். குண்டூசி குத்தாதீர்கள், கம்பி ஆணியில் மாட்டாதீர்கள். மடிப்பு ஒரே கோட்டில் நெடுநாள் இருந்தால் சரிகை அங்கேயே ஒடியும். எனவே உருளையில் சுற்றி, கஞ்சி போக அலசிய கோராத் துணியால் மூடி வையுங்கள். அந்துருண்டையும் வேப்பிலையும் துணியைத் தொடக் கூடாது.

கேள்வி கேட்டவர்: காட்பாடி வரலாற்று ஆசிரியை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. விளக்க அட்டையில் ஆண்டும், உடுத்தியவரும், நிறுத்திய காரணமும் இடம்பெற வேண்டும் என்ற கருத்தை அப்படியே ஏற்கிறோம். நரிக்குறவர் பகுதிக்கான அட்டைகளை அச்சமூகத்து இளைஞர்களே எழுத வேண்டும் என்று இன்று வகுப்பில் முடிவு செய்தோம். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தாரிடம் ஒளி அளவு குறித்து ஆலோசனை கேட்கவும் எண்ணியுள்ளோம்.

இன்னொரு ஐயம். பல்கேரியாவின் ஸ்த்ராஞ்ஜா மலையில் புல்காரி என்னும் சிற்றூரில் நெருப்பில் நடக்கும் சடங்கு 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று படித்தேன். நம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியோடு அதைப் படங்களாக அருகருகே வைக்கலாமா? கூத்துக் கலைஞர்களின் கிரீடம், புஜக்கட்டை ஆகியவற்றையும் அந்தப் பகுதியில் வைக்க மாணவர்கள் விரும்புகிறார்கள்.

பதில் 4: செய்யாறு, கூத்து ஆர்வலர்

அம்மா, படங்களை அருகருகே வைப்பதில் தவறில்லை, ஆனால் இரண்டும் ஒன்றே என்று தோன்றும்படி எழுத வேண்டாம். புல்காரியில் நடப்பது கான்ஸ்டன்டைன், ஹெலனா என்னும் கிறித்தவப் புனிதர்களின் திருநாள், ஜூன் 3, 4 தேதிகளில். திருவுருவப் படங்களைத் தூக்கிக்கொண்டு, புனித முரசும் தோல்பைக் குழலும் முன்செல்ல, ஊருக்கு வெளியே உள்ள நீரூற்றுகளுக்குச் சென்று திரும்பிய பின், இருட்டியதும் கனலில் இறங்குகிறார்கள். நம் ஊரில் பாரதம் படித்து, இரவு இரவாகக் கூத்து நடந்து, பதினெட்டாம் போரில் துரியோதனன் படுகளம் முடிந்து, அம்மன் கூந்தல் முடித்த பிறகே தீமிதி. முன்னே ஒரு கதை முழுவதும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் தணலை மட்டும் காட்டினால் இரு ஊர் மக்களுக்கும் நியாயம் செய்ததாகாது. முற்காலத்தில் ஏறத்தாழ முப்பது ஊர்களில் நடந்த அந்தச் சடங்கு இன்று புல்காரியில் மட்டுமே எஞ்சியுள்ளது என்பதையும் எழுதுங்கள். நம் பகுதியில் ஆண்டுதோறும் எத்தனை ஊர்களில் தீமிதி நடக்கிறது என்பதை மாணவர்கள் அப்போது தாங்களே கேட்டறிய முனைவார்கள்.

கிரீடமும் கட்டைகளும் குழுவின் பிழைப்புக் கருவிகள். பங்குனி தொடங்கி ஆவணி வரை பாரதக் கூத்து இருப்பதால் அப்போது எந்த வாத்தியாரும் தரமாட்டார், கேட்பதும் முறையன்று. புரட்டாசிக்குப் பிறகு கண்காட்சியை வைத்தால் தருவார்கள். கண்ணாடிச் சில்லு பதித்த மரவேலை ஈரத்தில் பிசின் விட்டுப் போகும் என்பதால் ஐப்பசி மழை ஓய்ந்த பின், மார்கழியில் வைப்பது நல்லது. கிரீடத்தைக் கட்டுபவரையே ஒருநாள் அழைத்து, ஒரு பையனுக்குக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் சம்பளத்தைக் கல்லூரியின் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.