புதுப்பிப்பு: லினக்ஸில் பியானோவின் பேஸ் ஒலி சரியாகிவிட்டது

டிஜிட்டல் பியானோவை மிடி (எந்தக் கட்டையை எப்படி அழுத்தினோம் என்ற தகவலை மட்டும் அனுப்பும் முறை) வழியாக லினக்ஸ் லேப்டாப்பில் இணைத்து வாசித்தால் கீழ் ஸ்வரங்கள் தகரம் போல ஒலிக்கின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஒலித்தொகுப்பை மாற்றச் சொன்ன யோசனைதான் பெரிய வித்தியாசம் தந்தது. மிடி தகவலை ஒலியாக்கும் புளூயிட்சிந்த் மென்பொருளில் இருந்த பொதுவான சவுண்ட்ஃபாண்டை (கருவிகளின் ஒலிப்பதிவுகள் அடங்கிய கோப்பு) விட்டுவிட்டு, ஸ்ஃபிஸ் மென்பொருளில் சாலமாண்டர் கிராண்ட் பியானோவை ஏற்றினேன். யமஹா சி5 கிராண்ட் பியானோவில் 16 அழுத்த நிலைகளில் பதிவு செய்த இலவசத் தொகுப்பு இது. மெதுவாகத் தொட்டால் பேஸ் தந்தி இருண்டு முனகுகிறது, ஓங்கி அடித்தால் உலோகம் அதிர்வது அப்படியே கேட்கிறது. அந்த அதிர்வுதான் எனக்கு வேண்டியிருந்தது!

அப்புறம் கட்டையை அழுத்தியதும் ஒலி கேட்பதில் இருந்த தாமதம். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயரில் குவாண்டத்தை (ஒரே தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024-லிருந்து 128-க்கு இறக்கினேன். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் ஒரு பஃபரின் (அப்படி ஒரு தடவை கையாளும் ஒலித்துண்டு) நீளம் 21 மில்லிசெகண்டிலிருந்து மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. ஒலி வேலைக்கு முன்னுரிமை தரும் ரியல்டைம் அனுமதியும் கொடுத்ததால் கரகரப்பு இல்லை.

எதிர்பாராத ஒன்று: ஒலித்தொகுப்பை மாற்றிய பிறகும் சில கீழ் ஸ்வரங்கள் மட்டும் மெலிந்தே கேட்டன. லேப்டாப் ஒலியைப் பியானோவின் ஆடியோ இன்னில் கொடுத்திருந்ததால், பியானோவின் சொந்த ஒலியும் அதே ஸ்பீக்கரில் கலந்து வந்தது. 55 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தில் லேப்டாப் ஒலி ஒன்பது மில்லிசெகண்ட் பிந்தினாலே இரண்டு அலைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளலாம். பியானோ மெனுவில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டையை அழுத்தினால் பியானோவே ஒலி எழுப்பும் அமைப்பு) அணைத்ததும் பேஸ் முழுசாக வந்துவிட்டது. இதே சிக்கலோடு வருபவர்கள் ஈக்வலைசரைத் தொடும் முன் இதைப் பாருங்கள்.