நாலு ஸ்லாட்டையும் நிரப்பினா 3600-ல வந்து நிக்குது: ரேம் அனுபவங்களைப் பகிருங்க

கொடுங்கையூர் பில்டர்
ஏஎம்டியோட ரைசன் 7600 பிராசசர், பி650 மதர்போர்டு. முதல்ல வேகம் 6000, சிஎல்30 (சிஎல்னா ரேம் பதில் தர்ற தாமதக் கணக்கு) ரேம் கிட், அதாவது ஜோடி, 16 ஜிபி ரெண்டு. எக்ஸ்போ (ரேமை டப்பால போட்ட வேகத்துக்கு ஏத்துற செட்டிங்) போட்டு அருமையா ஓடிட்டிருந்த மெஷின். வீடியோ எடிட்டிங்கும் பண்ணணும்னு அதே மாடல்ல இன்னொரு கிட் வாங்கி மீதி ரெண்டு ஸ்லாட்லயும் சொருகியாச்சு. பவர் கொடுத்ததும் ஸ்கிரீன் கறுப்பு. போர்டு ஓரத்துல டிராம்னு எழுதின இடத்துல மஞ்சள் லைட் மட்டும். ஃபேன் எல்லாம் சுத்துது, கீபோர்டு லைட் எரியுது, படம் மட்டும் வரல. தானா அணைஞ்சு தானா ஏறி, திரும்ப அதே மஞ்சள் லைட். கடைசியா பயாஸ் (போர்டோட செட்டிங் ஸ்கிரீன்) வந்து பார்த்தா ரேம் வேகம் 3600.

போர்டு மேல தப்பு இல்ல. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தர்ற கணக்கே அதுதான்: ரெண்டு ஸ்டிக்னா 5200, நாலுன்னா 3600. ஒரே சேனல் (பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவுல இருக்கிற பாதை) வயர்ல ரெண்டு ஸ்டிக் தொங்கினா சிக்னல் கலங்கும், அதனால வேகத்தை இறக்கிடும். 64 ஜிபி வேணும்னா 32 ஜிபி ரெண்டுதான். "இப்ப 16 ரெண்டு, அப்புறம் ரெண்டு சேர்த்துக்கலாம்"னு டிடிஆர்5-ல (ரேமோட புதுத் தலைமுறை) திட்டம் போடாதீங்க.

ராயபுரம் 13
3600-லயே நிக்கணும்னு விதி இல்லீங்க. எக்ஸ்போவை ஆஃப் பண்ணிட்டு கையால 4800 வைங்க, நின்னா 5200. பல போர்டுல ஓடும். புது பயாஸ் ஏத்திட்டுப் பாருங்க, நாலு ஸ்டிக் விஷயத்துல நிறைய முன்னேறியிருக்கு.

அந்த மஞ்சள் லைட்தான் எனக்கு முக்கியம். ரேம் டிரெய்னிங் நடக்குது, அதாவது ரேமோட எப்படிப் பேசணும்னு மெஷின் தானா சோதிச்சு சரிபண்ணுது. ஏஎம்5-ல (ரைசன் 7000 உட்காருற சாக்கெட்) முதல் பூட்டுக்கு சில நிமிஷம் பிடிக்கும், ஸ்டிக் பெருசா இருந்தா இன்னும் அதிகம். ஒரு மெஷின்ல பார்த்தேன்: லைட் எரியுறப்பவே பின்னாடி சுவிட்சை அணைச்சு அணைச்சுப் போட்டிருக்காங்க, டிரெய்னிங் ஒருதடவைகூட முடியவே இல்ல. ரேம் போச்சுன்னு திருப்பிக் கொடுக்கக் கழட்டி வெச்சிருந்தாங்க. ஒரே ஸ்டிக்கை ஏ2-ல (பிராசசர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட்) போட்டு, சீமாஸ் கிளியர் பண்ணி (பயாஸ் செட்டிங்கை அழிச்சு), காஃபி குடிக்கிற நேரம் விட்டோம். தானா வந்துடுச்சு. நம்ம ஏரியா கரண்ட்டுக்கு முதல் பூட்டை யுபிஎஸ்-லயே பண்ணுங்க.

ஒவ்வொரு தடவையும் பூட் லேட்டானா பயாஸ்ல மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் (போன டிரெய்னிங்கையே திரும்ப எடுத்துக்கிற வசதி) ஆன் பண்ணுங்க. ஆன் பண்ணின பிறகு நீலத்திரை (விண்டோஸ் கிராஷ்) வந்தா ஆஃப் பண்ணிடுங்க.

பெரம்பூர் லோகோ
நாலு ஸ்டிக் சண்டைக்கு முன்னாடி ரெண்டையே ஒழுங்கா போடுறாங்களான்னு பாருங்க. ஒரு புது மெஷின், கேம் ஓடுது, ஆனா கேம்ல கூட்டமான இடத்துக்குப் போனா திக்கித் திக்கி நிக்குது. கிராபிக்ஸ் கார்டை மாத்தலாம்னு பேச்சு. சைடு கண்ணாடியைத் திறந்தா ரெண்டு ஸ்டிக்கும் ஒட்டி ஒட்டி, பிராசசர் பக்கத்துல இருக்கிற ஒண்ணு, ரெண்டாவது ஸ்லாட்ல! ரெண்டும் ஒரே சேனல். பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும், அதாவது ஏ2, பி2. மாத்தினதும் திக்கல் போச்சு. டாஸ்க் மேனேஜர்ல வேகம் 4800 காட்டுச்சு, எக்ஸ்போ போட்டதும் 6000. சிபியு-இசட்னு ஒரு சாஃப்ட்வேர்ல 3000 காட்டும், பயப்பட வேணாம், அது பாதிக் கணக்கு.

கார்டு இல்லாம 5600ஜி, 8600ஜி மாதிரி பிராசசர்ல கேம் ஆடுறவங்களுக்கு ரெண்டு ஸ்டிக் கட்டாயம். படமும் அதே ரேமைத்தான் தின்னுது.

திருவொற்றியூர் அண்ணன்
லோகோ தம்பி 6000-ன்னு நம்பரோட நிறுத்திட்டார். சிஎல் பார்க்காம வாங்காதீங்க. சிஎல்லை 2000-ஆல பெருக்கி வேகத்தால வகுங்க, தாமதம் நானோசெகண்ட்ல வரும், கம்மியா இருந்தா நல்லது. 6000 சிஎல்30 = 10. 6000 சிஎல்40 = 13.3. 5600 சிஎல்46 = 16.4. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-ஏ 10 தான்! அதனால ஏஎம்4-ல (டிடிஆர்4 போடுற பழைய ஏஎம்டி சாக்கெட்) நல்ல ரேம் வெச்சிருக்கவங்க ரேமுக்காக மட்டும் பிளாட்ஃபாரம் மாறாதீங்க. 2025 கடைசியில ஏறின விலைக்கு அது நியாயமே இல்ல.

கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்க இதையும் கேளுங்க. 8 ஜிபி டிடிஆர்5 ரெண்டு எடுக்காதீங்க. அதுல நாலே சிப், பேங்க் குரூப் (ஒரே நேரத்துல வேலை பார்க்கிற சிப்போட உள் பகுதிகள்) பாதி, அதனால 16 ஜிபி ஸ்டிக்கைவிட மெதுவு. காசு பத்தலைன்னா 16 ஒண்ணு எடுத்து, சீக்கிரமே அதே மாடல்ல இன்னொண்ணு போடுங்க. ஆனா தனித்தனியா வாங்கினா உள்ளே சிப் வேற கம்பெனியா இருக்கலாம், எக்ஸ்போ நிக்காமப் போகலாம். கிட்டா வாங்குறதுதான் நல்லது. பில்லுல சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்க, ஸ்டிக்கர் கிழிஞ்ச ஸ்டிக்கைத் தொடாதீங்க. பெரிய ஏர் கூலர்னா ஆர்ஜிபி ரேம் உயரம் பாருங்க, 44 மில்லிமீட்டர் ஸ்டிக்குக்கு முன் ஃபேனை மேல ஏத்த வேண்டி வரும், அப்ப கேபினெட் மூடாமப் போகலாம். இன்டெல் 12, 13, 14-வது தலைமுறை பிராசசர்ல போர்டுக்குப் போர்டு டிடிஆர்4, டிடிஆர்5 மாறும். ரெண்டுக்கும் 288 பின், வெட்டு மட்டும் வேற இடம், அழுத்திச் சொருகினா ஸ்லாட் உடையும்.

எக்ஸ்போ போட்ட பிறகு விண்டோஸ் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே மெம்டெஸ்ட்86 (ரேமைச் சோதிக்கிற சாஃப்ட்வேர்) நாலு பாஸ், அதாவது நாலு சுத்து, ஓட்டுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் 5600-க்கு இறக்குங்க. கெட்ட ரேம்ல இன்ஸ்டால் பண்ணின விண்டோஸ் ஃபைலே கெட்டுப் போகலாம், அப்புறம் ரேமை மாத்தினாலும் நீலத்திரை நிக்காது.

எண்ணூர் கடலோரம்
அண்ணே, பழைய ஸ்டிக் வாங்குறவங்களுக்கு ஒண்ணு விட்டுட்டீங்க. இங்க உப்புக் காத்துல ஸ்டிக்கோட தங்கப் பல்லு மங்கிப் போயிருக்கும். ரப்பர் வெச்சுத் தேய்க்காதீங்க, முலாம் மெல்லிசு. 99 சதவீதம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை நூல் விடாத துணியில நனைச்சு ஒரே திசையில துடைச்சு, முழுசா காஞ்ச பிறகு சொருகுங்க. ஸ்லாட்டுக்குள்ள துணி விடக்கூடாது, காத்து அடிச்சாப் போதும்.

கொடுங்கையூர் பில்டர்
ராயபுரம் சொன்ன மாதிரி பயாஸ் ஏத்தி கையால 4800 வெச்சதுல நின்னுச்சு, 5200-ல மெம்டெஸ்ட் ரெண்டாவது பாஸ்லயே எரர். போர்டு கம்பெனி சைட்ல அந்த போர்டுக்குச் சரிவரும் ரேம் லிஸ்ட் பார்த்து 32 ஜிபி ரெண்டு எடுக்கலாம்னு முடிவு, பழைய நாலு ஸ்டிக்கையும் ரெண்டு கிட்டா பிரிச்சு வித்துடலாம்.