பட்டாம்பூச்சி இரையாவதை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்க

மாடித்தோட்டம் சேலம்:
கறிவேப்பிலைத் தொட்டியில கறிவேப்பிலை அழகிப் பட்டாம்பூச்சியோட புழு. பறவை எச்சம் மாதிரி இருக்குமே, அந்தக் கட்டம் தாண்டி நல்ல பச்சையாகி சுண்டுவிரல் நீளம் வந்துடுச்சு. இன்னும் ஒண்ணு ரெண்டு நாள்ல கூட்டுப்புழு ஆகியிருக்கும். நேத்து தண்ணி ஊத்தப் போனா மேல ஒரு குளவி. கொட்டவே இல்ல, நேரா தலைக்குப் பின்னாடி கடிக்க ஆரம்பிச்சது. புழு தலைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கிற அந்த நாத்தச் சிவப்புக் கொம்பை நீட்டுச்சு. வாடை எனக்கே மூக்குல ஏறுச்சு, குளவி சட்டையே பண்ணல. தோலைக் கிழிச்சு, உள்ள இருந்த சதையை மென்னு மென்னு ஒரு பச்சை உருண்டையா உருட்டி, காலுக்கிடையில இடுக்கிக்கிட்டுப் பறந்துடுச்சு. கொஞ்ச நேரத்துல மிச்சத்துக்குத் திரும்பி வந்துச்சு! அப்போ அந்தக் கொம்பு எதுக்குத்தான் இருக்கு?

வெள்ளலூர் குளத்தங்கரை:
எறும்புக்கு. எறும்பு, சின்னச் சிலந்தி இதுகளை அந்த வாடை விரட்டும். குளவிக்கு எடுபடாதுங்க. அது தானே தின்னவும் கொண்டு போகல, கூட்டுல இருக்கிற தன் குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டத்தான்.

என்னோடது வேற. உண்ணிப்பூவுல ஒரு எலுமிச்சை அழகி, இறக்கையை விரிச்சு அசையாம உட்கார்ந்திருந்துச்சு. அது பூவுல நிக்கும்போதுகூட இறக்கையை அடிச்சுக்கிட்டே இருக்கிற ஜாதி, அதனாலயே சந்தேகம் வந்துச்சு. கிட்டப் போய் குனிஞ்சு பார்த்தா பூவுக்கடியில வெள்ளை நண்டுச் சிலந்தி, முன்னங்கால் ரெண்டு ஜோடியாலயும் கழுத்தை அணைச்சுப் பிடிச்சிருக்கு. வலை இல்ல, துரத்தல் இல்ல. பட்டாம்பூச்சியோட உறிஞ்சுகுழல் அப்பவும் பூவுக்குள்ளதான் இருந்துச்சு. தேன் குடிச்சுக்கிட்டே செத்திருக்கு. இன்னைக்கும் உண்ணிப்பூவைப் பார்த்தா முதல்ல அடியிலதான் பார்க்கிறேன்.

எருக்கங்காடு:
எங்க ஊர்ப்பக்கம் கரிச்சான் குருவி வெந்தய வரியன் பட்டாம்பூச்சியைப் பிடிச்சதைப் பார்த்தேன். மின்கம்பியில இருந்து ஒரே பாய்ச்சல், அந்தரத்துலயே கவ்விடுச்சு. கம்பிக்குத் திரும்பி ஒரு கொத்து கொத்திச்சு, உடனே கீழ போட்டுட்டு அலகைக் கம்பியில இப்படியும் அப்படியும் தேய்ச்சுது. கீழ விழுந்தது செத்திருக்கும்னு பார்த்தா, பின்னிறக்கையில ஒரு துண்டு இல்லாம அதுபாட்டுக்குப் பறந்து போயிடுச்சு. புழுவா இருக்கும்போது எருக்கம்பால் குடிச்சு வளர்ந்த விஷ உடம்பு, தோலும் ரப்பர் மாதிரி. இதைப் பறவை தின்னவே தின்னாது.

மேகமலை:
மேல உள்ளவர் சொல்வது பாதிதான் சரி. வெந்தய வரியனோட சொந்தக்காரனான மொனார்க் என்ற வட அமெரிக்கப் பட்டாம்பூச்சியை நீல ஜே பறவை தின்று வாந்தி எடுத்ததை லிங்கன் பிரோவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1960-களில் சோதனை செய்தே காட்டினார். அதெல்லாம் உண்மை. ஆனால் அதே மொனார்க் லட்சக்கணக்கில் குளிர்காலம் கழிக்கிற மெக்சிகோ மலைக்காடுகளில் இரண்டு பறவைகள் அதையே தின்று வாழ்கின்றன. ஒன்று அங்குள்ள கருமுதுகு ஓரியோல் என்ற பறவை. அது வயிற்றைக் கிழித்து, நஞ்சு அதிகமுள்ள தோலை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கும். இன்னொன்று கருந்தலை குரோஸ்பீக், தடித்த அலகுக்காரன். அதற்கு நஞ்சு அவ்வளவாக உறைப்பதில்லை, வயிறு முழுவதையும் தின்றுவிடும். ஆகவே 'தின்னவே தின்னாது' என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

எருக்கங்காடு:
நான் மெக்சிகோவைப் பத்திப் பேசவே இல்லையே. எங்க ஊர் கரிச்சானைப் பத்தித்தான் சொன்னேன்.

கோண்டாவில் வளவு:
எங்கட கிணத்தடியில ஈரமண்ணில வண்ணத்துப்பூச்சியள் கூட்டமா இருந்து உப்புத்தண்ணி உறிஞ்சுறது வழக்கம். ஒருநாள் ஓணான் ஒண்டு தொட்டிக்குப் பின்னால பதுங்கி நிண்டது. ஓடி வந்து ஒண்டைக் கவ்வின உடன மற்றதெல்லாம் எழும்பிட்டுது. மஞ்சள் இறகு ரெண்டும் வாய்க்கு வெளியால நிண்டு ஆடிச்சுது, மெல்ல மெல்ல உள்ள போச்சுது. அங்கால நிமிசமும் ஆகேல்லை, எழும்பினதெல்லாம் திரும்பி அதே இடத்தில வந்து குந்திச்சுதுகள். அதுதான் எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை.

அம்மா சமையல் பால்கனி:
கூட்டுப்புழுவைப் பாட்டில்ல வச்சிருந்தேன், பையன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகணும்னு. நாள் ஆக ஆக பழுப்பாச்சு. ஒரு காலையில ஓரமா ஊசி குத்தின மாதிரி ஓட்டை, பாட்டில் முழுக்க மினுமினுன்னு பச்சைக் கருப்புல கடுகைவிடச் சின்னக் குளவிங்க ஓடிக்கிட்டிருக்கு. பையன் "அம்மா, பட்டாம்பூச்சி உடைஞ்சு போச்சு"ன்னான்.

மேகமலை:
அது ஒட்டுண்ணிக் குளவி. தாய்க்குளவி முற்றிய புழுவின் பக்கத்திலேயே காத்துக் கிடக்கும். தோல் உரித்துக் கூட்டுப்புழு ஆனதும், ஓடு இறுகுவதற்குள் முட்டையை இறக்கிவிடும். ஒரே கூட்டுப்புழுவிலிருந்து நூற்றுக்கு மேல்கூட வெளிவரலாம். அடுத்த முறை புழுவை முட்டையிலிருந்தே எடுத்து மெல்லிய துணி கட்டிய டப்பாவில் வளருங்கள். கொசுவலை வேண்டாம், அதன் கண்ணுக்குள் இந்தக் குளவி நுழைந்துவிடும். தினமும் புது இலை போடுங்கள், புழுக்கையை அள்ளிவிடுங்கள், ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். கடையில் வாங்கிய கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். கூட்டுப்புழு ஆகும்போது சாய்வாக ஒரு குச்சி வையுங்கள். டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள். பட்டாம்பூச்சி வெளிவந்ததும் இறக்கை காயும்வரை தொடாதீர்கள். சேலத்து அம்மா, நீங்களும் குளவிக்கூடு எங்கே என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலும் சன்ஷேடுக்கு அடியில்தான் இருக்கும்.

மாடித்தோட்டம் சேலம்:
சன்ஷேடுக்கு அடியிலதான் இருக்கு, தெரியும். அதே குளவிதான் கத்தரியில காய்ப்புழுவையும் தூக்கிட்டுப் போகுது. இருந்துட்டுப் போகட்டும்.

வெள்ளலூர் குளத்தங்கரை:
தட்டானை யாருமே சொல்லலையே? குளத்தோரம் கோரைத்தண்டுல உட்கார்ந்து ஒரு புல்நீலன் பட்டாம்பூச்சியைத் தலையில இருந்து மென்னுக்கிட்டிருந்துச்சு. தாடை அசையறது கண்ணுக்கே தெரிஞ்சுது. நகத்தளவு நீல இறக்கை ஒவ்வொண்ணா கழண்டு தண்ணியில விழுந்துச்சு, கெண்டைக்குஞ்சு வந்து முட்டிப் பார்த்துட்டு விட்டுடுச்சு. மேகமலை சார், தட்டானுக்கும் டப்பா இருந்தா சொல்லுங்க.