கொல்லிமலை வீட்டுக்கு டிடி ஃப்ரீ டிஷ்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பெங்களூரு தமிழ் உறவுகளுக்கு வணக்கம். கொல்லிமலையில் தனியாக இருக்கும் அத்தைக்கு, அரசின் இலவசச் செயற்கைக்கோள் டிவி சேவையான டிடி ஃப்ரீ டிஷ் பொருத்த நினைக்கிறேன். மாதக் கட்டணம் கிடையாது, கருவிகளை ஒருமுறை வாங்கினால் போதும். அவர் வீடு வரை கேபிள் வரவில்லை. கட்டணம் கட்டாமல் விட்டுப்போன தனியார் டிஷ் ஒன்று மட்டும் கூரைமேல் காக்கைக்கு ஆசனமாக நிற்கிறது.

அதையே 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோள் பக்கம் திருப்பி, செட்-டாப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதுமா? எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் எம்பெக்-2 (பழைய வீடியோ முறை) பெட்டியே போதும் என்கிறார். இன்னொருவர் எம்பெக்-4 (புதிய முறை) வாங்கினால்தான் எல்லாச் சேனல்களும் வரும் என்கிறார். டிஷ் பார்க்க வேண்டிய தென்கிழக்கில் சில்வர் ஓக் மரங்கள் வேறு ஓங்கி நிற்கின்றன. மிளகுக்கொடி ஏறிய மரங்கள். கிளையை வெட்டச் சொன்னால் அத்தை என்னை வெட்டிவிடுவார்.

முக்கியமான கேள்வி: டிடி தமிழ் தவிர வேறு தமிழ்ச் சேனல்கள் இப்போது வருகின்றனவா? தனியார் சேனல்களுக்கான இடங்களை, இந்தச் சேவையை நடத்தும் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. எடுப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். அத்தைக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது.

நாமக்கல் பக்கம் மலையேறி வந்து பொருத்தித் தரும் ஆள் யாரையாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அதற்குள் பெட்டியை வாங்கிவிட வேண்டும்.