குளிரில் பழ வைன் போடுகிறவர்களுக்கு

நுவரெலியா, கந்தப்பளை, ராகலைப் பக்கம் முதல் தடவை பழ வைன் போடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். ஈஸ்ட் போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது, நுரையே காணோம், கெட்டுப்போய்விட்டதா? கெடவில்லை. குளிருகிறது, அவ்வளவுதான்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான் நிற்கும். பாண் போடுகிற ஈஸ்டுக்கு 20 பாகைக்கு மேல் இருந்தால்தான் சுறுசுறுப்பு வரும். பதுளை 680 மீட்டர்தான், அங்கே எங்கள் அக்கா அன்னாசி வைன் போட்டால் இரண்டு வாரத்துக்குள் பொங்கி அடங்கிவிடுகிறது. அதே பழம், அதே சீனி, அதே ஈஸ்ட் பக்கெட், இங்கே எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் இழுக்கிறது. பொறுமை இல்லாமல் இன்னும் ஈஸ்ட் கொட்டாதீர்கள், பாண் வாசம்தான் மிஞ்சும். வாளியைக் கம்பளியால் சுற்றி, அடுப்படியில் நெருப்புப் படாத மூலையில் வையுங்கள், போதும்.

மெதுவாகப் புளிப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, பழ வாசம் நன்றாகவே நிற்கும். ஆபத்து அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. குமிழி நின்றதும் வேலை முடிந்தது என்று நினைத்து மூடியை இறுக்கிவிடுகிறார்கள். மார்கழி, தைக் குளிரில் ஈஸ்ட் சாவதில்லை, சும்மா படுத்துக் கிடக்கிறது, அது தின்னாத சீனி உள்ளேயே இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் வெயில் ஏறியதும் எழும்பி மறுபடி தின்னத் தொடங்கும், அப்போது வருகிற வாயுவுக்குப் போக வழி கிடையாது. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டு மாமா கிறிஸ்மஸுக்கு அடைத்து மிச்சம் வைத்திருந்த கொடித்தோடை வைன், சித்திரை வருஷப் பிறப்புக்கு முந்தின வாரம் அலுமாரிக்குள்ளேயே வெடித்தது. கதவைத் திறந்தால், போத்தல் கழுத்துத் துண்டு ஒன்று பலகையில் குத்தி நிற்கிறது, கீழ்த்தட்டில் மடித்து வைத்திருந்த புதுத்துணி எல்லாம் மஞ்சள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அந்த அலுமாரிக்கு முன்னால்தான் அவர்கள் தினமும் உட்கார்ந்து படிப்பார்கள்.

அதனால் முடிந்ததா இல்லையா என்று குமிழியைப் பார்த்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். ஹைட்ரோமீட்டர் கிடைத்தால் வாங்குங்கள், தண்ணீரை 1.000 என்று வைத்து வைனின் அடர்த்தியைக் காட்டுகிற கருவி அது, சீனி குறையக் குறைய எண்ணும் இறங்கும். அது 0.995 அல்லது அதற்குக் கீழே காட்டி, சூடான இடத்தில் வைத்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால் சரி. கருவி கிடைக்காவிட்டால், அடைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டிலேயே சூடான இடத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடி குமிழி விட்டால் இன்னும் சீனி இருக்கிறது. நாக்கில் இனிப்புத் தட்டினாலும் அடைக்க வேண்டாம்.

அளவு கேட்கிறவர்களுக்கு: எல்லாம் சேர்ந்து ஐந்து லீற்றர் வரும்படி போடுவதானால் நன்றாகப் பழுத்த அன்னாசி 2 கிலோ, சீனி 800 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர், அரைத் தேக்கரண்டி ஈஸ்ட். இதில் மதுசாரம் 12 வீதத்துக்குக் கிட்ட வரும், பாண் ஈஸ்ட் அதற்கு மேல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது, மிச்சச் சீனி இனிப்பாகவே நின்றுவிடும். பாத்திரம் எல்லாம் கொதிநீரில் கழுவியிருக்க வேண்டும். அலுமினியச் சட்டி வேண்டவே வேண்டாம், பழப் புளிப்பு அதை அரிக்கும். முதல் ஒரு வாரம் வாளியைத் துணியால் மூடி தினமும் கிளறிவிடுங்கள். அப்புறம் வடிகட்டி பெரிய போத்தலுக்கு மாற்றி, மூடியில் ஒரு குழாய் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர்க் குவளைக்குள் விடுங்கள். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. காற்றுப் பட்டால் வைன் வினாகிரியாகிவிடும்.

இன்னொன்று, இது நம் ஊருக்கென்றே அமைந்தது. ஒரு கோப்பை திக்கான தேயிலைச் சாயம், பால் சீனி எதுவும் இல்லாமல், ஆறவைத்து ஊற்றுங்கள். அன்னாசிக்கும் கொடித்தோடைக்கும் துவர்ப்புப் போதாது, தேயிலையின் டனின் அதைக் கொடுத்துவிடும். இல்லாவிட்டால் குடிக்கும்போது ஜூஸ் மாதிரி வாயில் நிற்காமல் ஓடிவிடுகிறது. கொஞ்சம் பெரிய துகளான பீஓபீ தேயிலை இருந்தால் நல்லது, டஸ்ட் என்கிற பொடித்தூள் என்றால் கலங்கும்.

நம் நாட்டில் மதுவரிச் சட்டம் கடுமையானது, தொடங்குவதற்கு முன்னால் உங்கள் பகுதி மதுவரி அலுவலகத்தில் விதி என்னவென்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் ஒரு போத்தல்கூட விற்காதீர்கள். அடுப்பில் ஏற்றி வடிக்கிற எண்ணமே வரக்கூடாது. அது கசிப்பு, அதனால் அழிந்த குடும்பங்களைத் தோட்டத்தில் பிறந்த எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் பேரிக்காயில் போட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ருசி நன்றாக வருகிறது, ஆனால் எத்தனை தரம் மண்டியை விட்டு மேலே மட்டும் மாற்றினாலும் தெளிய மாட்டேன் என்கிறது.